தொட்டில் தகடு

லோயிஸ் தொட்டிலைப் பார்த்ததும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

"இத எங்க புடிச்ச, ரஸ்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தக் காலத்துத் தொட்டில் சாமான் என்று கேட்கத்தான் அவளை வரச்சொல்லியிருந்தேன். தலைமாட்டில் நான் பதித்திருந்த வெள்ளைத் தகடு பளபளத்தது. உள்ளங்கை அளவுதான். ஓரமெல்லாம் பூவேலை, நடுவில் ‘எங்கள் செல்லம்’ என்று எழுத்து.

விரல் வீங்கியதால் கழற்றி மடியில் வைத்திருந்த கல்யாண மோதிரத்தை என் மனைவி டெல்லா தோட்டத்து மேப்பிள் மரத்தடியில் தவறவிட்டுவிட்டாள். அதைத் தேடித்தான் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் டிடெக்டரை ஓட்டினேன். மோதிரம் புல்லிலேயே கிடைத்துவிட்டது. கருவி மட்டும் விடாமல் கத்தியது. தோண்டினால், வேர் இடுக்கில் இந்தத் தகடு.

இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன பிறகு இது மூன்றாவது. அடுத்த மாதம் பிரசவம். இப்படியொரு எழுத்தோடு ஒன்று மண்ணிலிருந்து கிடைத்தால் நல்ல சகுனம் என்றுதானே தோன்றும்?

லோயிஸ் எங்கள் டிடெக்டர் கிளப்பில் மூத்தவள். பாதிப் பொத்தானைக் கொடுத்தாலும் எந்தக் கோட்டுடையது என்று சொல்லிவிடுவாள். சொல்லும்போதே நம்மைக் கிண்டலடித்து நாலு வாங்கு வாங்குவாள். இன்று அந்தக் கிண்டல் வரவில்லை.

"இது தொட்டில் சாமான் இல்லப்பா. சவப்பெட்டித் தகடு. கொழந்தைங்க பெட்டிக்குன்னே கடையில விப்பாங்க."

நான் தொட்டிலை விட்டு ஓரடி பின்வாங்கினேன்.

"அட, மூஞ்சியப் பாரு! பொதைக்கிறதுக்கு முன்னால தகட்டக் கழட்டி வீட்டுல மாட்டி வைப்பாங்க, அந்தக் காலத்துல. யாரோ வீடு காலி பண்ணும்போது தூக்கி எறிஞ்சிருப்பாங்க. டெல்லா உள்ள வர்றதுக்குள்ள கழட்டிரு. நான் மூச்சு விடமாட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது. திருப்புளிகூட வேண்டியிருக்கவில்லை. தலையில் குட்டிச் சிறகு வைத்த திருகாணிகள், விரலாலேயே திருகலாம். அவளும் உதவிக்குக் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இந்தத் திருகாணி ஏது?"

"அதே குழியிலதான். தகட்டுக்குன்னே செஞ்ச மாதிரி பொருந்துச்சு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"இது பெட்டியோட மூடியில போடறது, ரஸ். இத யாரும் வீட்டுக்குக் கொண்டு வர மாட்டாங்க. பெட்டியோடயே மண்ணுக்குள்ள போறது."

எந்த இடத்தில் தோண்டினாய் என்று கேட்டாள். ஜன்னலைக் காட்டினேன்.

மேப்பிள் மரத்தடியில், நான் மூடி மிதித்துவிட்ட மண்ணுக்குப் பக்கத்தில் டெல்லா உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மத்தியானமானால் அவளுக்கு அந்த இடம்தான். அங்கே உட்கார்ந்தால்தான் வயிற்றுப் பிள்ளை உதைக்காமல் தூங்குகிறதாம்.

ஏதோ தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் சும்மா கிடந்தது.

இன்னொரு கை மண்ணைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.