நூலகத்துப் பெட்டி

"கையெழுத்தப் போடும்மா. மனுசன் பொய் சொல்லுவான், மெஷினு சொல்லாது."

தாளாளர் ராசாங்கம் ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் தள்ளினார். எதிரே நின்ற முத்துமீனா பேனாவைத் தொடவில்லை. அந்தப் பொறியியல் கல்லூரியில் நூலக உதவியாளராகச் சேர்ந்து அவளுக்கு இன்னும் ஒரு வருடம் முடியவில்லை.

"சாமி சத்தியமா நான் அனுப்பல சார்."

விஷயம் இதுதான். ஆய்வுக்குழு வந்த அன்று, கல்லூரியில் பத்துப் பேராசிரியர்களை ஒரு நாள் வாடகைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். போன வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அந்தப் பத்துப் பெயரையும் வரிசையாக எழுதி, யாரோ பல்கலைக்கழகத்துக்கு மொட்டை மெயில் தட்டிவிட்டார்கள்.

"உமேஷு, நீ சொல்லுப்பா."

கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் உமேஷ், மடியில் இருந்த லேப்டாப்போடு நெளிந்தான். "நம்ம வயர்லெஸ்லதான் போயிருக்கு சார். எந்தக் கம்ப்யூட்டர்னு தெரியல. செவத்துல மாட்டியிருக்கிற வயர்லெஸ் பெட்டில எது வழியாப் போச்சுன்னு மட்டும் பதிவாயிருக்கு. லைப்ரரி பெட்டி."

"மூணு மணிக்கு லைப்ரரில யாரு இருந்தா?"

"நான் மட்டுந்தான் சார்" என்றாள் முத்துமீனா. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, அதையும் தன் வாயாலேயே சொன்னாள்.

"பெறகென்ன? அன்னிக்கு நான் மெட்ராஸ்ல இருந்தேன். என் சீட்டுல சின்னவன் உக்காந்திருந்தான். சின்னப் பயதானேன்னு இளக்காரம்!"

அந்தச் சின்னவர் ஜன்னலோர சோபாவில், காதில் ஹெட்போனோடு லேப்டாப்பில் மூழ்கிக் கிடந்தார். அமெரிக்கா போயே தீருவேன் என்று நின்ற மகனின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டி, "நான் கட்டுன காலேஜை எவன் பாக்குறது?" என்று இங்கே உட்கார வைத்திருந்தார் அப்பா. இந்தப் பஞ்சாயத்து எதுவும் சின்னவர் காதில் விழவில்லை.

டீ கொண்டு வந்த அட்டெண்டர் மலைச்சாமி தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லி வைத்தார். "பூசை போட்ட பெட்டிங்கய்யா. பொய் சொல்லுமா?"

அது உண்மைதான். போன மாதம் ஆயுத பூசைக்கு, ஒரே அச்சில் வார்த்தது போலிருந்த இருபத்து நாலு வயர்லெஸ் பெட்டிகளையும் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, மறுநாள் திரும்ப மாட்டியவர் அவர்தான். அன்று உமேஷ் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

எதற்கு எழ வேண்டும்? அதற்காகத்தானே இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு சர்வரை அமைத்திருந்தான்! "யாரு மாட்டுனாலும் சரிண்ணே, கரன்ட் குடுத்தாப் போதும். பெட்டி தன் நம்பரச் சொல்லும், சர்வர் அதுக்குப் பேரும் வேலையும் குடுத்துரும். எல்லாம் தானா நடக்கும்" என்று மலைச்சாமியிடம் பீற்றிக்கொண்டிருந்தான். சொன்னபடியே அன்று இருபத்து நாலும் பச்சை விளக்குக் காட்டின. கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் அவன் பெருமை போய்ச் சேர்ந்தது.

"கையெழுத்துப் போட்டா நல்ல சர்ட்டிபிகேட் தாரேன். இல்லையா, போலீசுக்குப் போன் பண்ணுறேன்" என்றார் தாளாளர். "எது வேணும்?"

முத்துமீனாவுக்குச் சொந்த ஊர் எழுமலை. காடு கரையில் குனிந்தே பழகிய அந்தக் குடும்பத்தில், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் இவள்தான். ஸ்டேஷன் வாசலில் தன் அப்பா சுருளி கைகட்டி நிற்பது அவள் கண்முன் வந்தது.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே" என்று உமேஷைப் பார்த்தாள். "எந்த வாத்தியாரு நெசம், எந்த வாத்தியாரு வாடகைன்னு லைப்ரரில அட்டை போடுறவளுக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

உமேஷுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் திரையில் 'நூலகம்' என்று கொட்டை எழுத்தில் நிற்கிறதே! தான் கட்டியதைத் தானே எப்படிப் பொய் என்பான்? பாவமாகத்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

முத்துமீனா பேனாவை எடுத்தாள். வேறென்ன செய்வாள்? 'சு' என்று அப்பாவின் இனிஷியலை எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. கண்ணீர்தான் ஓடியது.

"அழுதது போதும், எழுதும்மா. ஏம்ப்பா உமேஷு, மொதல்ல அந்த லைப்ரரி பெட்டிய அணைச்சு விடு. இம்புட்டு வெனையும் அதால வந்தது."

எழுந்து போகிற வேலை இதற்கும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே உமேஷ் திரையில் 'நூலகம்' என்ற பெயரைத் தேடி ஒரு தட்டு தட்டினான்.

தாளாளரின் தலைக்கு மேலே, சுவரில், காய்ந்த குங்குமப் பொட்டோடு தொங்கிய பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது.

அதையே வெறித்துப் பார்த்தான் உமேஷ். அடக் கடவுளே! மெல்லத் திரும்பி மலைச்சாமியைப் பார்த்தான். அவர் ஒன்றும் புரியாமல் டீத் தட்டோடு சிரித்தபடி நின்றிருந்தார்.

ஜன்னலோரம் சின்னவர் எரிச்சலோடு ஹெட்போனைக் கழற்றினார்.

"அப்பா, நெட்டு போயிருச்சு."