ஏற்றத்தில் முன்சக்கரம்

திரேசாவின் மிக்சியை அவளிடம் கேட்காமலே தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் அவள் புருஷன், ஆட்டோக்காரன் சவரியப்பன். மூன்று நாள் பேசாமல் இருந்தவள், நான்காம் நாள் காலை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஸ்டாண்டில் எவனும் சிநேகிதன் பெண்டாட்டியை ஏற்றிப்போகச் சம்மதிக்கவில்லை. கடைசியில் தையல் மெஷினோடும் கிரைண்டரோடும் புருஷனின் ஆட்டோவிலேயே பின்சீட்டில் ஏறினாள்.

பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் சக்கரம் மட்டும் காற்றில் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. ஓரத்தில் பள்ளம். ஆக்சிலேட்டரை விட்டதும் சக்கரம் தொப்பென்று இறங்கியது.

“இன்ஜினும் பின்னாடி, கிரைண்டரும் பின்னாடி, நீயும் பின்னாடி. முன்னாடி நான் ஒருத்தன் என்னடி செய்வேன்? இங்க வா.”

அவள் இறங்கி வந்து, அவன் சீட்டின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து, விழாமலிருக்க அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். முன்சக்கரம் சமர்த்தாகத் தரையில் பதிந்து ஏறியது.

உச்சியில் வண்டியை நிறுத்தினான். கீழே அண்ணன் வீட்டுக் கூரை தெரிந்தது.

“இறக்கத்துல முன்னாடி கனம் இருந்தா குப்புற அடிச்சிரும்” என்றான், ரோட்டைப் பார்த்தபடியே. “நீ பின்னாடி போயிடணும்.”

திரேசா காலரை விடவில்லை. பின்னால் இன்ஜின் படபடத்துக்கொண்டிருந்தது.

“அப்ப வண்டி கொஞ்ச நேரம் இங்கேயே நிக்கட்டும்” என்றாள்.