எல்லை தாண்டிய பூசணிக்காய்

"ஏன்யா, ஒளிஞ்சு போறவன் நானூறு கிலோ பூசணிக்காயோடயா போவான்?" என்றாள் நன்னடத்தை அதிகாரி கிளென்னா.

லாக்கப்பில் வெர்ல் தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

அடுத்தவன் டிராக்டரை விற்றுத் தின்றுவிட்டுச் சிறைக்குப் போனவன். பாதித் தண்டனையில் வெளியே விட்டிருந்தார்கள். அனுமதியில்லாமல் கென்டக்கி மாநிலத்தைத் தாண்டக் கூடாது. இவனோ ஆற்றைத் தாண்டி, பக்கத்து மாநிலமான இண்டியானாவின் சந்தையில் பெரிய பூசணிக்காய்ப் போட்டிக்குப் போய் முதல் பரிசும் வாங்கிவிட்டான். மறுநாள் பேப்பரில், காயைக் கட்டிப்பிடித்தபடி போட்டோ. இண்டியானா போலீஸ் அங்கேயே அமுக்கிவிட்டது.

லாக்கப் காவலர் இழுத்தார். "வேற மாநிலத்துலேர்ந்து ஆளைக் கூட்டிட்டுப் போக கோர்ட்டு உத்தரவு வேணாமா மேடம்?"

"வெளிய விடும்போதே கையெழுத்து வாங்கிட்டோம். எங்க பிடிச்சாலும் மறுபேச்சில்லாம திரும்பி வரேன்னு. ஏறுய்யா வண்டியில."

வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் கிளென்னா கேட்டாள்.

"என்ன உரம் போட்டே?"

"மேடம்?"

"காய்க்கு."

"மீன் கழிவு. விதை என் சொந்த விதை மேடம், சத்தியமா திருடலை."

"தப்பி ஓடினான்னு எழுதினா உனக்கு ரெண்டு வருஷம். பரிசும் ரெண்டாவதா வந்த ஆளுக்குப் போயிடும், தெரியுமா?"

"தெரியும்." வெர்ல் தலையாட்டினான். "ஆனா அந்த ரெண்டாவது காயைப் பாத்தீங்கன்னா சிரிப்பீங்க மேடம். கோணல்மாணலா, ஒரு பக்கம் சப்பிப்போய்..."

கிளென்னா பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

"நாய் குறுக்க வந்துச்சு," என்றாள்.

ரோட்டில் நாய் எதுவும் இல்லை.

வெர்லின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. விலங்கைக் கழற்றினாள்.

"கண்டிச்சு விட்டாச்சுன்னு எழுதிடறேன். அடுத்த வருஷம் முன்னாடியே வந்து அனுமதி கேளு. நானே தரேன்."

வெர்லுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிறைக்குப் போகத் துணிமணி எடுக்கத்தான் வண்டி நின்றதென்று நினைத்திருந்தான்.

"அழுது தொலைக்காதே. முன்னாடி டப்பாவுல டிஷ்யூ இருக்கு, எடு."

டப்பாவைத் திறந்தான். டிஷ்யூவோடு ஒரு சிவப்பு ரிப்பனும் மடியில் விழுந்தது. பூசணிக்காய்ப் போட்டி, இரண்டாம் பரிசு.

வெர்ல் ரிப்பனைத் தூக்கிப் பார்த்தான். "மேடம்... அந்தக் காய்..."

"நீ உள்ள போயிட்டா, இந்தக் கோணக்காய்க்காரி அடுத்த வருஷம் யாரை ஜெயிக்கிறதுய்யா?"