ஒத்திகையில் முதலிடம்

ஓசூர் பள்ளியில், குண்டு விழுந்தால் தப்பிப்பது எப்படி என்று ஒத்திகை. சைரன் ஒலித்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். பத்தாம் வகுப்பு மேகலா மட்டும் சட்டென்று குப்புறப் படுத்து, காதைப் பொத்தி நடுங்கினாள்.

"நடிப்புன்னா இதுதாம்யா! இந்தப் பொண்ணுக்குத்தான் முதல் பரிசு," என்றார் ஒத்திகை நடத்த வந்த அதிகாரி மாடசாமி.

"முடியாதுங்க சார்," என்றார் தலைமையாசிரியர் ஆஞ்சப்பன். "ரெண்டு மாசமா டி.சி. கொண்டாரல. ரிஜிஸ்டர்ல பேரே ஏறல. நாளைக்கும் இல்லன்னா வெளியதான்."

"ஏம்மா, பழைய ஸ்கூல்ல போயி வாங்கிட்டு வர வேண்டியதுதானே?" என்றார் மாடசாமி.

மேகலா எழுந்திருக்கவில்லை. "யாழ்ப்பாணத்தில அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மேல குண்டு போட்டிட்டாங்கள் சேர். அண்டைக்கும் இப்பிடித்தான் படுத்திருந்தனாங்கள்."

மாடசாமி தொப்பியைக் கழற்றினார். ஆஞ்சப்பன் யோசித்தார்.

"பயப்படாத கண்ணு. குண்டு போட்டவங்ககிட்டயே ஒரு சர்டிபிகேட் வாங்கியாந்துடு. சேத்துக்கலாம்."