திருப்பிப் போட்ட நாற்காலி

வசந்தகால இசைத்தொடரின் நாலாவது ஞாயிறு. ஓவிய அருங்காட்சியகத்தில் நால்வர் சேர்ந்து வாசிக்கும் கச்சேரி தொடங்க இன்னும் ஐந்து நிமிடம். முன்வரிசை மனிதர் வழக்கம்போல நாற்காலியைச் சுவரில் மாட்டிய படத்தின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கூடத்துக் காவலாளிக்குப் பொறுக்கவில்லை.

“படம் பாக்கணும்னா காலையில வாங்க சார். வயலின் வாசிக்கிற அம்மாவுக்கு வாராவாரம் முதுகைக் காட்டறீங்களே, பாவமில்லையா?”

“அவ என் மனைவிதாங்க.”

“அது சரி! வீட்டுச் சண்டையை இங்க எதுக்குக் கொண்டு வர்றீங்க? வராமலே இருந்திடலாமே?”

“நான் வரலைன்னா வயலினையே தொட மாட்டேங்கிறா.”

“அப்ப அவங்களைப் பாத்து உக்காருங்களேன்.”

“என் முகத்தைப் பாத்தா அவளுக்குக் கை நடுங்குதுங்க,” என்றார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “போன வருஷம் தவறிப்போன எங்க பையன், என்னை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருப்பான்.”