வாளிக்கு ஒரு புள்ளி

தண்ணீர் எத்தனை வாளி என்று கேட்டதும் பத்து என்றேன்.

உண்மையில் நான்கு. ஆனால் பொய்யில் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்காது.

கேட்டவர் கேசினி மிஸ். பதுளை ஸ்டேஷன் வீதியோரத்தில் எந்தச் செடி நிலைத்து நிற்கும் என்று பார்த்துப் புள்ளி போடக் கொழும்பிலிருந்து படிவத்தோடு வந்திருந்தார். இடப்பக்கம் என் ரோஜாக்கள். வலப்பக்கம் மாரிசாமியின் மூன்று கொன்றைகள். இரண்டு பேரும் மாநகர சபைத் தொழிலாளிகள்தான். புள்ளி கூடிய பக்கம் இருக்கும்; மற்றதைப் பிடுங்கிவிடுவார்கள். தோற்றவனுக்குக் குப்பை லொறி வேலை.

நான் விடவில்லை. தெமோதரையிலிருந்து ஆட்டெருவை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவதைச் சொன்னேன். கண்டக்டர் எருவுக்கு அரை டிக்கெட் கிழித்ததைச் சொன்னேன். வெயில் ஏறினால் ரோஜாவுக்குக் குடை பிடிப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மிஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியை வெட்டிக்கொண்டே வந்தார். ஆள் கவனிக்காமலே நிற்கிற செடிக்குத்தான் புள்ளியாம். முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் சோம்பேறியாக இருந்திருப்பேன்.

மாரிசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எருவும் இல்லை, குடையும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தான் ஊற்றுவதில்லை என்றான்.

அது சத்தியம். அவன் ஊற்றுவதில்லை.

நட்டு ஒரு வருஷத்தில் என் தோளுக்கு வந்துவிட்ட அந்தக் கொன்றைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

மிஸ் குனிந்து கொன்றையின் அடிமண்ணைத் தொட்டார். விரலில் ஈரம். பதுளையில் மழை பெய்து பன்னிரண்டு நாள்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. இதுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?" என்று என்னைக் கேட்டார்.

மாரிசாமி தன் செருப்பைப் பார்த்தான்.

ஒரு பெயரைச் சொன்னால் போதும். லொறி அவனுக்கு, ரோஜா எனக்கு.

"யாரும் இல்லீங்க. விடியக்காலையில அப்புத்தளைப் பனி எறங்கி வந்து, இந்த மூணு மரத்துல மட்டும் ஒக்காந்துட்டுப் போகுதுங்க."

பத்து வாளியை நம்பியவர் இதையும் நம்பினார். பனியைப் பிடிக்கும் மரம் என்று எழுதி, மேலும் இரண்டு புள்ளி போட்டார்.

திங்கட்கிழமை நான் குப்பை லொறியில் ஏற வேண்டும்.

சொல்லியிருக்கலாம். காலையில் நான் வேலைக்குப் பேர் பதியப் போன பிறகு, வாளியைத் தூக்கிக்கொண்டு பெரியாயி வருகிறாள் என்று. மூன்று மாதமாகத் தெரியும். ஆனால் பெரியாயி யார் என்று மிஸ் கேட்பார். மாரிசாமியின் காதுபட, நடுவீதியில் நின்று, என் பெண்சாதி என்று சொல்ல வேண்டிவரும்.

என் ரோஜாவுக்கு அவள் ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.