முதல் கையெழுத்து

“சுடட்டும்லே! இந்த நெஞ்சுல சுடட்டும்! ஒரு அடி பின்னால வச்சா எம் பேரு தாணுலிங்கம் இல்ல!”

தாணுலிங்கம் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார். அதில் பவுடர் அப்பியிருந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த டிக்சன் மரியாதைக்கு ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தான்.

“யாரும் சுட வரலியே அண்ணாச்சி. வேலியத்தான எடுக்கச் சொல்லுதோம்?”

விஷயம் இதுதான். டிக்சனின் ஊர் மீனவர்கள் படகை இழுத்து ஏற்றிவைக்கும் கரையை ஒரு கம்பெனி கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டது. அதை எடுக்கச் சொல்லிக் கலெக்டருக்கு ஒரு மனு. கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பும்வரை காத்திருந்து, மூன்று வாரமாக நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தான். இன்று மனுநாள், பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். முதல் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. பெரிய மனிதர் ஒருவர் போட்டால் எடுபடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

தாணுலிங்கம் சாதாரணப் பெரிய மனிதர் இல்லை. மளிகைக் கடையை மகன்களிடம் தள்ளிவிட்டு, எண்ணூறு பக்கத்துக்குப் போர் நாவல் எழுதியவர். அதன் நாயகன் தனி ஆளாக ஒரு படையை மறித்து நிற்பான். முந்நூறாம் பக்கத்தில் நிற்கத் தொடங்குபவன் நானூற்றுப் பத்து வரைக்கும் நிற்பான். ‘அவன் வேறு, நான் வேறு அல்ல’ என்று முன்னுரையிலேயே எச்சரித்திருந்தார்.

கையெழுத்தைக் கொட்டை எழுத்தில் போட்டார். போட்ட பேனா நிற்கவில்லை. ‘பணிவுடன் வேண்டுகிறோம்’ என்ற இடத்தை அடித்துவிட்டு, ‘போருக்கு அழைக்கிறோம்’ என்று திருத்தினார்.

“அண்ணாச்சி, இது சண்டை இழுக்க மாதிரில்லா இருக்கு? எங்களுக்குக் கரை கிடைச்சாப் போதும்.”

“சமாதானம் பேசுதவன் கோழைலே! முந்தாநாள் கூட்டத்துல என்ன சொன்னேன்? வேலியப் பிடுங்குத முதல் கை எங் கையின்னு சொன்னேனா இல்லியா? போலீசு வரட்டும், மிலிட்டரி வரட்டும்...”

வெளிக்கேட்டில் லத்தி தட்டும் சத்தம் கேட்டது.

“வீட்ல யாரு?”

காக்கிச் சட்டை, தொப்பி, தோளில் நட்சத்திரங்கள், காதைத் தொடும் மீசை. கக்கத்தில் ஒரு துணிப்பை. வாரண்டு அதில்தான் இருக்கும். வந்தவர் படியேறி, மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்றார். எழுத்தாளன் வீடு என்று தெரிந்து பூட்சை வெளியே கழற்றியிருக்கிறார் என்று அந்த நடுக்கத்திலும் தாணுலிங்கத்துக்கு ஒரு நொடி பெருமை.

அவர் மனைவி செல்லத்தாய் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். உடனே உள்ளே திரும்பிவிட்டாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

“நான் வந்தது என்னன்னா...” என்று வந்தவர் ஆரம்பித்தார்.

“தெரியும் சார்! எதுக்கு வந்திருக்கியன்னு தெரியும்!” தாணுலிங்கத்தின் விரல்கள் பொத்தான்களைத் தாமாகவே பூட்டிக்கொண்டிருந்தன. “கூட்டத்துல பேசுனதெல்லாம் இலக்கியம் சார். நாவல்ல வார வசனம். நெசத்துல நான் கொசுவக்கூட அடிக்க மாட்டேன், ஊதித்தான் விடுவேன்.”

“அதில்ல...”

“நான் சமாதானத்துக்குன்னே பொறந்தவன் சார்! இந்தா இருக்கான் பாருங்க, இவன்தான் போரு, பிடுங்குவோம்னு எழுதிக் கொண்டாந்து என்னய மிரட்டுதான். பேரு டிக்சன். அப்பன் பேரு வேணும்னாலும் சொல்லுதேன்.”

டிக்சன் டம்ளரைக் கீழே வைத்தான். “அண்ணாச்சி!”

“யாருக்கு யாருலே அண்ணாச்சி?”

மேசையில் கிடந்த மனு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. கொட்டை எழுத்தில் அவர் பெயர். அதற்கு மேலே, அவர் கையாலேயே, ‘போர்’.

பாய்ந்தார். வாழ்நாளில் அவர் காட்டிய ஒரே வீர வேகம் அதுதான். டிக்சன் எழுந்து தடுப்பதற்குள் நாலு தாளும், நூற்றுப் பன்னிரண்டு பேரின் கையெழுத்தும் எட்டாகி, பதினாறாகி, எண்ண முடியாததாகித் தரையில் விழுந்தன. தன் பெயர் இருந்த துண்டை மட்டும் வாயில் போட்டு மென்றார்.

“ஐயோ, மூணு வாரம் அண்ணாச்சி...” டிக்சன் மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

“பாத்தியளா சார்? இப்ப ஒண்ணுமே இல்ல. வேலி அங்கனயே இருக்கட்டும். நல்ல வேலி. பாக்க லட்சணமா இருக்கு.”

வந்தவர் குனிந்திருந்த டிக்சனையும், அசைந்துகொண்டிருந்த தாணுலிங்கத்தின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து செல்லத்தாய் ஒரு படி அரிசியோடு வந்து நின்றாள்.

வந்தவர் லத்தியைச் சுவரில் சாத்திவிட்டு, துணிப்பையின் வாயை அவளுக்கு விரித்துப் பிடித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“குலசை கோயில் தசராவுக்கு நேந்துகிட்டு, வீடுவீடாக் காணிக்கை எடுக்கப் போலீஸ் வேசம் போட்டிருக்கேன், அண்ணாச்சி.”